உங்கள் தொட்டியில் இருப்பது எந்தக் கற்றாழை? கண்டுபிடிக்கும் வழி

நர்சரியில் "ஆலோ வேரா சார், ஜூஸ் போட்டுக் குடிக்கலாம்" என்று கொடுக்கிற செடியெல்லாம் ஆலோ வேரா கிடையாது. ஆலோ இனத்தில் மட்டும் 500-க்கும் மேற்பட்ட வகைகள் இருக்கின்றன, கலப்பினங்களைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. அதில் நாம் சோற்றுக்கற்றாழை என்று தலைக்குத் தேய்க்கிற, மோரில் போட்டுக் குடிக்கிற செடி ஒன்றே ஒன்றுதான். மற்றவை அழகுக்கு வளர்க்கலாம், தோட்டத்துக்கு வேலியாகப் போடலாம், சிலவற்றுக்கு மருந்துப் பயனும் உண்டு, ஆனால் தெரியாத மடலை அறுத்து வாயில் போடுகிற வேலை வேண்டாம். செடியைச் சரியாக அடையாளம் காண்பது எப்படி என்று சொல்கிறேன். தாவரவியல் படித்திருக்க வேண்டியதில்லை, எங்கே பார்ப்பது என்று தெரிந்தால் போதும்.

முதலில், எதைப் பார்க்கக் கூடாது என்பதைச் சொல்லிவிடுகிறேன். நிறத்தை நம்பாதீர்கள். ஒரே செடி நிழலில் பச்சையாக, மடல்கள் நீண்டு சரிந்து கிடக்கும். அதையே கொண்டுபோய் மொட்டைமாடி வெயிலில் வைத்தால் கொஞ்ச நாளில் செம்பழுப்பாகி மடல்களை உள்ளே குவித்துக்கொள்ளும். தண்ணீர் இல்லாமல் வாடியிருந்தால் மடல் மெலிந்து சுருண்டிருக்கும், மழை பெய்து ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் வேறு செடி மாதிரி பருத்திருக்கும். அளவும் அப்படித்தான், சின்னத் தொட்டியில் வேரை அடைத்து வைத்தால் பெரிய வகைகூடப் பல வருஷம் குட்டியாகவே இருக்கும். கடையில் ஒட்டியிருக்கிற லேபிளை நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம், நான் நம்புவதில்லை.

முதல் கேள்வி: இது ஆலோதானா?

ஊரில் கற்றாழை என்று சொல்கிற பாதிச் செடிகள் ஆலோவே இல்லை. முக்கியமான ஆள் ஆனைக்கற்றாழை, அதாவது அகேவ். வேலி ஓரத்திலும் தரிசு நிலத்திலும் ஆள் உயரத்துக்கு நிற்குமே, அது. அமெரிக்கக் கண்டத்துச் செடி, ஆலோவுக்கு நெருங்கிய சொந்தம்கூட இல்லை, குடும்பமே வேறு. பிரித்துப் பார்ப்பது சுலபம். அகேவ் மடலின் நுனியில் ஊசி மாதிரி கெட்டியான ஒரு கறுப்பு முள் இருக்கும், கை பட்டால் ரத்தம் வரும். ஆலோவின் நுனி கூராக இருந்தாலும் இப்படிக் குத்திக் கிழிக்காது. மடலை உடைத்தால் அகேவில் நார் நாராக வரும் (அந்த நாருக்காகவே வளர்க்கிற வகையும் உண்டு), ஆலோவில் வழவழப்பான சோறுதான் இருக்கும். இன்னொரு அடையாளம், பலர் கவனிக்காதது: பெரிய அகேவ் மடலின் மேல் பக்கத்து மடலின் முள் வரிசை அச்சடித்த மாதிரி தடமாகப் பதிந்திருக்கும், குருத்தில் ஒன்றோடொன்று இறுக்கமாக ஒட்டிக் கிடந்ததால் வந்த தடம் அது. அகேவ் பல வருஷம் காத்திருந்து ஒரே ஒரு முறை மரம் மாதிரி பூந்தண்டு விட்டுவிட்டுச் செத்துப்போகும். ஆலோ வருஷா வருஷம் பூக்கும். அகேவ் சாறு தோலில் பட்டால் எரிச்சலும் தடிப்பும் வரும், அதனால் சோதித்துப் பார்க்கிறேன் என்று வெறுங்கையால் உடைக்காதீர்கள்.

மருள் (கடையில் ஸ்நேக் பிளான்ட் என்று விற்பார்கள்) பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மடல் தட்டையாக, தோல் மாதிரி, ஓரத்தில் முள்ளே இல்லாமல் மண்ணிலிருந்து நேராக நிற்கும். அதை ஆலோ என்று யாரும் விற்றால் அடுத்த கடைக்குப் போங்கள்.

நிஜமாகவே குழப்புகிறவை ஹவோர்த்தியாவும் கேஸ்டீரியாவும்தான், ஏனென்றால் இரண்டும் ஆலோவின் பங்காளிகள், தென்னாப்பிரிக்காவிலிருந்தே வந்தவை. மேசை மேல் வைக்க விற்கிற, வெள்ளை வரி வரியாகப் போட்ட குட்டிச் செடி பெரும்பாலும் ஹவோர்த்தியா வகையைச் சேர்ந்தது. அந்த வரி புள்ளி இல்லை, தடவிப் பார்த்தால் மேடு மேடாகத் தட்டுப்படும். பூ வந்தால் சந்தேகமே வேண்டாம்: கம்பி மாதிரி மெல்லிய தண்டில் சின்னச் சின்ன வெளுத்த பூ, இரண்டு உதடு பிரிந்த மாதிரி. ஆலோ பூ அப்படி இருக்காது, குழாய் வடிவில், மஞ்சளோ ஆரஞ்சோ சிவப்போ பளிச்சென்று, கொத்தாக இருக்கும். தேன்சிட்டு தேடி வருகிற பூ. கேஸ்டீரியாவின் மடல் தடித்து, நுனி மழுங்கி, பெரும்பாலும் இடம் வலம் என்று இரண்டே வரிசையில் அடுக்கியிருக்கும், பூவின் அடிப்பக்கம் தொப்பை போட்டிருக்கும். ஆலோவையும் கேஸ்டீரியாவையும் கலந்து உண்டாக்கிய செடிகளும் சந்தையில் நிறைய, அதை இரண்டில் ஒன்றாக ஆக்க முயன்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

எங்கே பார்க்க வேண்டும்

ஆலோதான் என்று உறுதியானதும் நான்கு இடங்களைப் பார்க்க வேண்டும். மடல் ஓரத்து முள்: கெட்டியா மிருதுவா, வெளுப்பா பழுப்பா, ஓரத்தில் மட்டுமா மடலின் முகத்திலுமா. மடல் அடுக்கு: இரண்டு வரிசையா, மூன்றா, வட்டமாகச் சுற்றியா. தண்டு: தரையோடு உட்கார்ந்திருக்கிறதா, தண்டு எழும்பிக் கிளைக்கிறதா. நான்காவது பூ, அதுதான் தீர்ப்பு சொல்கிற சாட்சி. நிறத்தை மட்டும் பார்த்துவிட்டு விட்டுவிடாதீர்கள், பூந்தண்டு கிளைக்கிறதா, கொத்து கூம்பாக இருக்கிறதா அல்லது மேலே தட்டையாக இருக்கிறதா, ஒவ்வொரு பூவின் அடிப்பக்கமும் நேராக இருக்கிறதா பருத்திருக்கிறதா என்று பாருங்கள். பூக்காத சின்னச் செடியை வைத்து நூற்றுக்கு நூறு சொல்ல முடியாது, பல சமயம் காத்திருப்பதுதான் வழி.

நம்ம சோற்றுக்கற்றாழை

ஆலோ வேராவின் பூர்வீகம் அரேபியத் தீபகற்பம் என்றுதான் இப்போது பெரும்பாலும் சொல்கிறார்கள், ஆனால் மனிதர் கையோடு இத்தனை நூற்றாண்டு ஊர் ஊராகச் சுற்றியதில் இப்போது வெப்பநாடுகள் எல்லாவற்றிலும் இருக்கிறது. தண்டு இருக்காது, இருந்தாலும் மிகக் குட்டை. மடல்கள் சாம்பல் பூத்த பச்சை, அகன்ற அடி, கொஞ்சம் கொஞ்சமாகக் குறுகி நுனிக்குப் போகும், நன்றாக வளர்ந்தால் அரை மீட்டர் நீளம். ஓரத்து முள் சின்னது, வெளுத்தது, விரலால் தடவினால் உரசும், கிழிக்காது.

எல்லாரும் சறுக்குகிற இடம் இங்கே இருக்கிறது. குட்டிச் செடியில் மடல் முழுக்க வெள்ளைப் புள்ளி இருக்கும், மடல்கள் வட்டமாகச் சுற்றாமல் இரண்டு பக்கமாக மட்டும் விரிந்திருக்கும். வளர வளரப் புள்ளி மறைந்து, அடுக்கும் வட்டமாக மாறிவிடும். அதனால் தாய்ச்செடியையும் அதன் காலடியில் முளைத்த பக்கக்கன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவர்கள் இரண்டு வேறு வகை என்றே சத்தியம் செய்வார்கள். கன்றில் புள்ளி, தாயில் புள்ளி இல்லை என்றால் அது நல்ல அடையாளம். தாய்ச்செடி நன்றாகப் பெருத்த பிறகும் புள்ளி அழுத்தமாகவே இருக்கிறது என்றால் சந்தேகப்படுங்கள்.

பூ மஞ்சள். பூந்தண்டு முக்கால் மீட்டர், அதற்கு மேலும் எழும்பும், கிளைக்காமல் அல்லது ஓரிரு கிளையோடு. கொத்து நீண்டு கூம்பாக இருக்கும். மொட்டு மேல் நோக்கி இருந்து, மலரும்போது தலை கவிழ்ந்து தொங்கும். விதை பிடிப்பது அபூர்வம், பெருகுவதெல்லாம் பக்கக்கன்று மூலம்தான். யாராவது ஆலோ வேரா விதை பாக்கெட் விற்றால் வாங்காதீர்கள், பக்கத்து வீட்டில் கேட்டால் ஓசியிலேயே ஒரு கன்று கிடைக்கும்.

க்ரீம் டப்பாக்களில் "ஆலோ பார்படென்சிஸ் மில்லர்" என்று அச்சடித்திருப்பதைப் பார்த்து அது ஏதோ உயர்ந்த ஜாதி என்று நினைக்க வேண்டாம், இதே செடிதான். 1768 ஏப்ரலில் பர்மன் என்ற தாவரவியலாளர் ஆலோ வேரா என்று பெயர் வெளியிட்டார், சில நாள் கழித்து மில்லர் என்ற இன்னொரு தாவரவியலாளர் அதே செடிக்கு இன்னொரு பெயர் வைத்தார், முந்தியது நிலைத்தது, பிந்தியது அழகுசாதன லேபிளில் ஒட்டிக்கொண்டது. நர்சரியில் "மில்லர் வகை" என்று கூடுதல் காசு கேட்டால் சிரித்துவிட்டு நகருங்கள்.

மடலை அறுத்ததும் தோலுக்கு அடியிலிருந்து மஞ்சளாக ஒரு பால் வடியும், உள்ளே நிறமில்லாத சோறு இருக்கும். அந்த மஞ்சள் பால் கசப்பு, அதைக் காய்ச்சி இறுக்கினால் கிடைப்பதுதான் நாட்டுமருந்துக் கடையில் விற்கிற கரியபோளம், மூசாம்பரம் என்றும் சொல்வார்கள். கடுமையான பேதி மருந்து அது. அமெரிக்காவில் 2002-இல் கடைகளில் டாக்டர் சீட்டில்லாமல் விற்கிற மலமிளக்கிகளில் இதைச் சேர்க்கவே தடை போட்டுவிட்டார்கள். ஆகவே சரியான செடியாகவே இருந்தாலும், அறுத்த மடலைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்து மஞ்சள் பால் வடியவிட்டு, தோல் சீவி, சோற்றைப் பல தடவை அலசித்தான் எடுக்க வேண்டும். கர்ப்பிணிகள் உள்ளுக்குச் சாப்பிடவே வேண்டாம். நாய், பூனை மெல்லாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடை வாசலில் திருஷ்டிக்குத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடுவதும் இதைத்தான். மண்ணும் தண்ணீரும் இல்லாமல் மாசக்கணக்கில் தாக்குப்பிடிக்கக் காரணம், இந்தச் செடி இலைத்துளைகளைப் பகலில் மூடிவைத்துவிட்டு இரவில்தான் திறக்கிறது, அதனால் ஈரம் வீணாவதில்லை. மடலில் சேர்த்துவைத்த தண்ணீரை வைத்தே சிலது அந்தரத்தில் பூக்கவும் செய்யும்.

ஆலோ வேரா என்று ஏமாற்றுகிறவை

முதல் இடம் ஆலோ மாகுலாட்டாவுக்கு. பழைய லேபிள்களில் ஆலோ சபோனேரியா என்று இருக்கும், சாறு சோப்பு மாதிரி நுரைக்கும் என்பதால் சோப்பு ஆலோ என்றும் சொல்வார்கள். தென்னாப்பிரிக்கச் செடி, ரொம்பச் சுலபமாக வளரும், கன்று தள்ளிக்கொண்டே இருக்கும், அதனால் நர்சரிக்காரருக்குப் பிடிக்கும். மடல் ஆலோ வேராவைவிடக் குட்டை, அகலம், பக்கவாட்டில் விரிந்து கிடக்கும். வெள்ளைப் புள்ளிகள் வயதானாலும் போகாது, குறுக்கே பட்டை பட்டையாகச் சேர்ந்திருக்கும். முள் கெட்டி, பழுப்பு நிறம், இது நிஜமாகவே கையைக் கிழிக்கும். மடல் நுனி காய்ந்து சுருண்டு கிடப்பதும் இதன் வழக்கம், வியாதி என்று பயப்பட வேண்டாம். பூ வந்துவிட்டால் ஒரு நொடியில் தெரிந்துவிடும்: பூந்தண்டு கிளைத்து, ஒவ்வொரு கிளையின் தலையிலும் பூக்கள் குடை விரித்த மாதிரி தட்டையாக நிற்கும், ஆலோ வேராவின் நீளக் கூம்பு கிடையாது. நிறம் ஆரஞ்சு, சிவப்பு, சிலதில் மஞ்சள்கூட, அதனால்தான் நிறத்தை மட்டும் பார்க்காதீர்கள் என்றேன். ஒரு பூவைக் கிள்ளிப் பார்த்தால் அடியில் உருண்டையாகப் பருத்து, அதற்கு மேல் சட்டென்று இடுங்கி, மறுபடி குழாயாகப் போகும். ஆலோ வேரா பூவில் இந்த உருண்டை இருக்காது.

அடுத்து ஆலோ ஆர்போரெசென்ஸ். இது புதர். அடியிலிருந்தே பல தண்டுகள் கிளைத்து 2, 3 மீட்டர் வரை போகும், ஒவ்வொரு தண்டின் தலையிலும் ஒரு மடல் கொத்து. மடல் ஒடுக்கமாக, அரிவாள் போல வளைந்திருக்கும், புள்ளி இருக்காது. முள் வெளுத்து, நுனி நோக்கி வளைந்திருக்கும். சிவந்த பூக்கொத்து, தென்னாப்பிரிக்கக் குளிர்காலத்தில் பூக்கும். ஆப்பிரிக்காவின் தெற்கிலும் தென்கிழக்கிலும் கடலோரத்திலிருந்து மலை உச்சி வரை இருக்கிறது, மாட்டுப்பட்டிகளுக்கு உயிர்வேலியாக நடுகிற பழக்கமும் அங்கே உண்டு. ஜப்பானில் வீட்டுக் கைவைத்தியத்துக்குப் பேர்போன கற்றாழை இதுதான், நம்முடையது இல்லை. தொட்டியில் சின்னதாக இருக்கும்போது ஆலோ வேராவோடு குழம்பும், ஆனால் தண்டு எழும்பிப் பக்கவாட்டில் கிளை தெரிந்தால் ஆலோ வேரா இல்லை என்று முடிவு செய்துவிடலாம்.

ஆலோ ஃபெராக்ஸ் நம் பக்கம் கிடைப்பது குறைவு, ஆனாலும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டியது. ஒற்றைத் தண்டு, கிளைக்காது, ஆள் உயரத்தைத் தாண்டும், காய்ந்த பழைய மடல்கள் விழாமல் தண்டைச் சுற்றியே தொங்கும். முள் செம்பழுப்பு, இளஞ்செடிகளில் மடலின் ஓரத்தில் மட்டுமல்லாமல் மடலின் முகத்திலும் முதுகிலும்கூட முள் இருக்கும், இதுவே போதுமான அடையாளம். தென்னாப்பிரிக்காவில் காட்டுச் செடிகளின் மடல்களை அறுத்து, தரையில் ஒரு குழியைச் சுற்றி வட்டமாக அடுக்கி, வெட்டுவாயிலிருந்து கசப்புப் பால் குழிக்குள் வடியவிட்டு, பிறகு காய்ச்சிக் கட்டியாக்குகிறார்கள். இது அங்கே தலைமுறை தலைமுறையாக நடக்கிற தொழில்.

மேசை மேல் வைக்கிற குட்டிகள்

ஆலோ ஜுவென்னா கென்யாவைச் சேர்ந்தது. குட்டையான முக்கோண மடல்கள் தண்டைச் சுற்றி நெருக்கமாக அடுக்கடுக்காக ஏறிப்போகும், ஓரமெல்லாம் பல் பல்லாக இருக்கும், ஆனால் தொட்டால் பெரிதாகக் குத்தாது. வெயிலில் செம்பழுப்பாகும். ரொம்ப நாள் இதைக் கலப்பினம் என்றே நினைத்திருந்தார்கள், பிறகுதான் காட்டிலேயே இருப்பது தெரிந்தது. ஏமன் நாட்டுச் சோகோத்ரா தீவின் ஆலோ ஸ்குவரோசாவை இதோடு குழப்புவது சகஜம். அதில் மடல் நுனி நன்றாகப் பின்னால் வளைந்திருக்கும்.

வரி போட்ட இன்னொன்று கோனியாலோ வேரியகாட்டா, ஆலோ வேரியகாட்டா என்ற பழைய பெயரில்தான் விற்பார்கள். மடல்கள் மிகத் துல்லியமாக மூன்று வரிசையில் அடுக்கியிருக்கும், மேலிருந்து பார்த்தால் மூன்று கை விரித்த மாதிரி தெரியும், ஒவ்வொரு மடலும் நடுவில் மடித்தது போலக் குழிந்திருக்கும், குறுக்கே வெள்ளைப் பட்டைகள். ஓரத்தில் பெரிய முள் கிடையாது, வெள்ளைக் கோடு போட்ட மாதிரிதான் இருக்கும். 1685-இல் கேப் குடியேற்றத்தின் டச்சுத் தலைவர் சைமன் வான் டெர் ஸ்டெல், தென்னாப்பிரிக்காவின் வடமேற்கில் இருக்கிற நமாகுவாலாந்துக்குப் போன பயணத்திலேயே இதைப் பார்த்துப் பதிவு செய்திருக்கிறார்கள். வறண்ட நிலத்துச் செடி, நம் ஐப்பசி மழையில் திறந்தவெளியில் வைத்தால் அழுகிவிடும்.

அரிஸ்டாலோ அரிஸ்டாட்டாவை ஹவோர்த்தியா என்றே பலர் வாங்கிப் போகிறார்கள். ஒல்லியான மடல்கள் நூற்றுக்கணக்கில் உருண்டையாகக் குவிந்திருக்கும், மேலே வெள்ளைப் பொட்டுகள், ஓரத்தில் மிருதுவான வெள்ளை முள். நுனியைப் பாருங்கள், காய்ந்த ஒரு முடி நீட்டிக்கொண்டிருக்கும். அந்த முடி இருந்து, பூவும் ஆரஞ்சுக் குழாயாக வந்தால் சந்தேகம் இல்லை.

ஆலோ டெஸ்காய்ங்சி மடகாஸ்கர் குட்டி, ஆலோக்களில் மிகச் சிறியவற்றில் ஒன்று, முழுச் செடியும் உள்ளங்கைக்குள் அடங்கும். இப்போது சந்தையில் வருகிற, சொரசொரப்பான ஆரஞ்சு ஓரமும் மேடு மேடான மடலும் உள்ள விலை கூடின குட்டிகள் எல்லாம் இது மாதிரி சின்ன வகைகளைக் கலந்து கலந்து உண்டாக்கியவை. அவற்றுக்கு வளர்த்தவர் வைத்த பெயர் மட்டும்தான், அந்த லேபிள் தொலைந்தால் யாராலும் திருப்பிக் கண்டுபிடிக்க முடியாது. இது ஒன்றுக்கு மட்டும் லேபிளைப் பத்திரமாக வையுங்கள்.

மரமும் சுருளும்

அலோய்டெண்ட்ரான் டைக்கோட்டோமம் நமீபியாவிலும் தென்னாப்பிரிக்காவின் வடமேற்கிலும் நிற்கிற மரம். கிளைகள் இரண்டிரண்டாகப் பிரிந்துகொண்டே போகும், அடிமரப் பட்டை பொன்னிறத்தில் உரியும். அந்தப் பக்கத்துப் பழங்குடிகளான சான் மக்கள் இதன் கிளையைக் குடைந்து அம்பறாத்தூணி செய்தார்கள். இதன் உறவான அலோய்டெண்ட்ரான் பார்பரே 18 மீட்டர் வரை வளரும், ஆலோ கூட்டத்திலேயே உயரமானது. தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியில் இருக்கிற குமாரா ப்ளிகாட்டிலிஸில் மடல்கள் விசிறியாக ஒரே தளத்தில் விரிந்திருக்கும், வேறெதோடும் குழம்பாது. இவை எல்லாமே முன்பு ஆலோ என்ற ஒரே பெயரில் இருந்தவை, 2013-ஐ ஒட்டித்தான் தனித்தனி இனமாகப் பிரித்தார்கள். எனவே பழைய பெயரிலும் புதுப் பெயரிலும் ஒரே செடியை இரண்டு தடவை வாங்கிவிடாமல் பாருங்கள்.

ஆலோ பாலிஃபில்லாவின் படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு, கணக்குப் போட்டு வரைந்த மாதிரி ஐந்து வரிசை மடல்கள் சுருளாகச் சுற்றும், சில செடி வலமாக, சில இடமாக. தென்னாப்பிரிக்காவுக்கு நடுவே இருக்கிற குட்டி நாடான லெசோத்தோவின் உயரமான மலைச்சரிவுகளில் மட்டுமே இயற்கையாக இருக்கிறது, அந்த நாட்டின் தேசியப் பூவும் இதுதான். குளிரும் வேரைக் கடந்து ஓடுகிற தண்ணீரும் வேண்டிய செடி, சென்னை, மதுரை வெயிலில் ஒரு கோடைகூடத் தாங்காது. சின்ன வயதில் சுருளும் இருக்காது, ஆகவே குட்டிச் செடியில் சுருள் தெரிகிற படம் போட்டு விற்றால் அது வேறு ஏதோ செடி. இணையத்தில் விதை என்று அனுப்புவது என்ன விதை என்று முளைத்த பிறகும் சொல்ல முடியாது. போதாததற்கு, சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டில் மிகக் கடுமையான பட்டியலில் இருக்கிறது இது. மற்ற ஆலோக்களுக்கும் எல்லை தாண்ட அனுமதிச் சீட்டு வேண்டும், விதிவிலக்கு ஆலோ வேரா ஒன்றுக்குத்தான்.

யாரிடமாவது படம் அனுப்பிக் கேட்பதாக இருந்தால் ஒரு படம் போதாது. மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் தண்டு தெரிய ஒன்று, முள்ளை நெருக்கத்தில் ஒன்று, மடலின் முதுகுப்பக்கம் ஒன்று, பூ இருந்தால் முழுத் தண்டும் தனிப் பூவும். அளவு தெரிய ஒரு நாணயமோ பேனாவோ பக்கத்தில் வையுங்கள், வெயிலில் இருந்ததா நிழலில் இருந்ததா என்பதையும் எழுதுங்கள். பூக்காத செடி என்றால் ஒரு பக்கக்கன்றைப் பிரித்து நட்டு, நாள் முழுக்க நல்ல வெளிச்சம் கிடைக்கிற இடத்தில் வைத்துப் பூவுக்குக் காத்திருங்கள், அதுவரை அதன் மடலைத் தலைக்கோ வாய்க்கோ எடுக்க வேண்டாம்.